மலையில் அவள் கூப்பிட்ட பெயர்

தாராவி,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சுடலைக்கண்ணனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முட்டிவலியும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியாமல் சௌக்கியமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உன் இரத்தக் கொதிப்பும் அதுபோல இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே. உன் பெண்டாட்டி முதலில் பேசிவிடுகிறாள், அதைக் காது நிறைய வாங்கிக்கொண்டு பிறகு என்னைக் கூப்பிடுகிறாய், நான் வாயைத் திறந்த உடனே எம்மா, டூட்டில இருக்கேன், பெறவு பேசுதேன் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, எடுத்தால் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும். அடுத்த வீட்டு ஜஹாங்கீர் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவனிடம் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன், கூடவே கருப்பட்டியும் சுக்குப்பொடியும் இருக்கும். உறை பிரிந்திருந்தால் எனக்குச் சொல், அவன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் ஆடியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. சந்துத் தண்ணீர் படி ஏறி அடுப்படி வரை வந்துவிட்டது, கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். பாண்டுப்பில் உன் தங்கை பேராச்சி நன்றாக இருக்கிறாள், அவள் வீட்டுக்காரனுக்கு ஒரு பெரிய பில்டிங்கில் லிஃப்ட் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது, முன்னைப் போல வீட்டில் சும்மா இருந்துகொண்டு அவளை அடிப்பதில்லை, வேலைக்குப் போய் வந்து அடிக்கிறான். அவள் மகன் சொரிமுத்து தோளுக்கு வளர்ந்துவிட்டான். நீ அனுப்பிய மிக்ஸி வந்து சேர்ந்தது, பெட்டியைப் பிரிக்கவில்லை, எனக்கு ஒருத்திக்கு எதற்கு மிக்ஸி. அந்தப் பேச்சுக்குத்தான் வருகிறேன். மாரிசெல்வி எதுக்கும்மா புள்ளையத் தூக்கிக்கிட்டு வடாலாவுக்கு அவ அக்கா வீட்டுக்குப் போனா என்று போனில் கேட்டாய். அவள் உன்னிடம் எதைச் சொன்னாள், எதை விட்டாள் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன். அப்துல் வாஹித் மகள் சைனபுக்கு வாயில் எதுவும் தங்காது, அது சுற்றி வளைத்து உன் காதுக்கு வருவதற்கு முன்னால் பெற்றவள் வாயால் நீ கேட்டுக்கொள்வது நல்லது.

உன் பிள்ளைக்கு உன் அப்பா பெயரை வைத்தது நீதான். மூத்த மகனுக்கு மூத்த ஆண் பிள்ளை, வேறு பெயர் வைக்க முடியாது, எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கே உன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன், ஏட்டி, இது ஒனக்கு மாமனார் பேரு, எனக்குப் புருசன் பேரு, நம்ம ரெண்டு பேரு வாயிலயும் வரப்பிடாது, தம்பின்னு கூப்புடு, ராசான்னு கூப்புடு, வேற எப்படியும் கூப்புட்டுக்கோ என்று. அவளும் தலையை ஆட்டினாள். பிள்ளை தொட்டிலில் கிடந்தபோது ஒருநாள் யாரும் இல்லை என்று நினைத்துக் குனிந்து காதோடு அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சினாள், நான் வாசலில் நின்றேன். அன்றைக்கு அவளுக்குச் சோறு போடவில்லை. அதற்குப் பிறகு மலைக்குப் போன நாள் வரை அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை, அந்த ஒன்றில் அவளை நான் குறை சொல்லமாட்டேன். இந்தக் காகிதத்தில்கூடப் பார், எழுதக் கை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிடட்டும், தெருவில் பிள்ளைகள் கூப்பிடட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் இந்தச் சந்துப் பிள்ளைகள் இருக்கிறதே, அவர்களுக்கு இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. ஒம் பேரு ஒங்க அம்மைக்கே தெரியாதுலே, ஒங்க அம்மை சொல்லாத பேரு என்ன பேரு என்று ஓட்டுவார்கள், அவன் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என்னிடம் வருவான், பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். பிள்ளைகள் அப்படித்தான், நீ மட்டும் சின்ன வயதில் கால் விந்திய பையனை நொண்டி என்று கூப்பிட்டதில்லையா.

அப்துல் வாஹித் உனக்குத் தெரிந்தவர்தான், பை தைக்கிற பட்டறை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர். மழைக்காலத்தில் ஒருநாள் அந்தப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போவது அவர் வழக்கம், இந்தத் தடவை கர்ஜத் பக்கம் ஒரு கோட்டை என்றார். கோட்டை என்றதும் நான் ஏதோ அரண்மனை என்று நினைத்துப் பட்டுச்சேலை கட்டாத குறை. சயானில் ஸ்லோ ரயில் ஏறி, சொரிமுத்து பாண்டுப்பில் ஏறிக்கொண்டு, கல்யாணில் மாறி, இறங்கி ஷேர் ஆட்டோவில் இடுப்பு ஒடியப் போய்ப் பார்த்தால் ஒரு காடு, காட்டுக்குள் கல் குவியல். வாசல் வளைவு ஒன்று நிற்கிறது, மற்றதெல்லாம் கூரை இல்லாத சுவர், சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம், பாசி பிடித்த ஒரு குளம். வாஹித் பிள்ளைகளை நிறுத்தி இங்கதான் குதிரை கட்டுனாங்க, இங்கதான் வெடிமருந்து வச்சிருந்தாங்க, ராத்திரி இங்கேருந்து தீப்பந்தம் காட்டுனா அந்த மலையில பதில் காட்டுவாங்க என்று சொன்னதை உன் மகன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டானாம். நானும் மாரிசெல்வியும் தக்காளிச்சோறும் உருளைக்கிழங்கும் தூக்கிக்கொண்டு போனவர்கள், அடிவாரத்தில் ஒரு அனுமார் கோயில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டோம். நானும் மேல போயி ஒருதரம் பாத்துட்டு வாரேன் அத்தை என்று அவள் கேட்டாள். பாத்திரத்தைக் குரங்கு தூக்கிப் போய்விடும், கல்லைப் பார்த்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று இருத்திவிட்டேன். குரங்கு ஒன்றும் வரவில்லை.

சாப்பாட்டுக்கு மேல் பிள்ளைகள் மறுபடி ஏறிப் போய் ஒளிந்து விளையாடினார்கள், பிறகு மழை இருட்டிக்கொண்டு வரவும் வாஹித் விசில் அடித்து எல்லாரையும் இறக்கினார். கீழே வந்து பார்த்தால் உன் மகனைக் காணோம். வாஹித் முகம் செத்துப்போயிற்று. ஓடினார், ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் தடியும் டார்ச்சுமாகக் கூட ஓடினார்கள், அவர்களில் ஒருத்தன் மராட்டியில் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்று சொன்னது எனக்கே விளங்கியது. மாரிசெல்வி செருப்பை விட்டுவிட்டு ஏறினாள். நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த வாசல் வளைவு வரை போய் உட்கார்ந்தேன். அவர்கள் எல்லாரும் உன் அப்பா பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அது மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. ஒரு மனுஷன் செத்துப் பத்து வருஷம் ஆகப்போகிறது, கண்டவன் எல்லாம் நின்று அவர் பெயரை ஏலம் விடுவதுபோல் கூவினால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே சொல், உடம்பெல்லாம் கூசியது. மாரிசெல்வி மட்டும் தம்பி, ராசா, எஞ்செல்லம், எங்கன இருக்க என்று ஒவ்வொரு சுவராகப் போய்க் கூப்பிட்டாள். அவ்வளவு நேரமும் அவள் ஒழுங்காகத்தான் இருந்தாள்.

அப்போதுதான் சைனப் என்னிடம் வந்தாள். ஆச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், வாப்பாகிட்ட சொல்லிறாதீய என்று ஆரம்பித்தாள். ஒளிவதற்கு முன்னால் சொரிமுத்து அவனைப் பிடித்து நிறுத்திப் பந்தயம் கட்டினானாம், ஒங்க அம்மை வந்து ஒம் பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் நீ வெளிய வரணும், வேற எவன் கூப்புட்டாலும் மூச்சு விடப்பிடாது, விட்டேன்னா ஒனக்குப் பேரே கெடையாதுன்னு அர்த்தம் என்று. மற்ற பிள்ளைகள் கையைத் தட்டிச் சிரித்திருக்கிறார்கள், உன் மகன் சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தனியாகப் போய் யாரும் பார்க்காத இடத்தில் ஒளிந்துவிட்டான். எந்த இடம் என்று அவர்களுக்கும் தெரியாது. விளையாட்டுப் பேச்சை மறந்துவிட்டு எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்று அந்தச் சைனப் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், நானே சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார், மாரிசெல்வியிடம் மூச்சு விட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று கேள். ஒரு பொடிப்பயல் கட்டிய பந்தயத்துக்காக என் மருமகள் அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் மாமனார் பெயரை மலையில் நின்று கூவவேண்டுமா. கோட்டை என்ன கடலா, தேடினால் கிடைக்கிற பிள்ளைதானே. அதோடு சொரிமுத்து பெயர் வெளியே வந்தால் அவன் அப்பன் அவனைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்பான், பேராச்சிக்கும் சேர்த்து விழும், அதையும் ஒரு தாய் யோசிக்கவேண்டாமா. நான் பேசாமல் இருந்தேன். மழை வந்தது. வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. வாஹித் ஒருதரம் என் பக்கமாக ஓடியவர் நின்று, பெரியம்மா, எனக்கு மன்னிப்பே கெடையாது என்று அழுதார், அவரிடமும் நான் சொல்லவில்லை. சைனப் என் பக்கத்தில் குந்தியிருந்தவள் எப்போது நழுவினாள் என்று நான் பார்க்கவில்லை, பார்த்தபோது மாரிசெல்வி முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாரிசெல்வி அதைக் கடைசி வரை கேட்டாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன், அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, இல்லை என்று அவள் சொல்லமுடியாது. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே வாயைத் திறந்து, முன்னால் ஒரு லேய் வேறு போட்டு, உன் அப்பா பெயரை முழுப் பெயராக, ஓர் எழுத்தை விழுங்காமல் கத்தினாள். ஒருதரம் அல்ல. பிடித்துக்கொண்டவள் நிறுத்தவில்லை, தொண்டை கிழிகிற மட்டும் கத்தினாள், லேய், வெளிய வால, அம்மை கூப்புடுதேன், பேரச் சொல்லித்தான் கூப்புடுதேன் என்று. எல்லாரும் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டு நின்றுவிட்டார்கள். குளத்துக்கு மேலே இடிந்து கிடந்த சுவரின் அடியிலிருந்து எம்மா, இங்கன இருக்கேன் என்று ஒரு சத்தம் வந்தது. அந்த இடத்தை அதற்குள் எல்லாரும் மிதித்துக் கடந்திருந்தார்கள். உள்ளே நுழையும்போது ஒரு கல் சரிந்து இடது கால் விரலில் உட்கார்ந்துவிட்டது, அத்தனை நேரமும் சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் கிடந்திருக்கிறான். வாஹித் மாமா செருப்பப் பாத்தேன், நீ தம்பி தம்பின்னு எந் தலைக்கு மேல நின்னு கூப்புட்டதக் கேட்டேன், அது எம் பேரு இல்லைல்லா என்று அவளிடம் சொன்னானாம். கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பி அவனை எடுத்து அவள் மடியில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவளை நான் அறைந்தேன், முன்னால் இல்லை. அந்த நியாயம் எனக்கு உண்டு.

ஆஸ்பத்திரிக் கதை உனக்குத் தெரியும், சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் முன்னாடியே தூக்கிட்டு வந்திருந்தீங்கன்னா வெரல வச்சிருக்கலாம் என்று அந்த டாக்டர் பையன் சொன்னான், சொல்லும்போது மாரிசெல்வி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். கால் விரல் இரண்டு இல்லாமல் என்ன கெட்டுவிட்டது, பூட்ஸ் போட்டால் யாருக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் செய்ததை எந்த மாமியார் பொறுப்பாள். சோறு ஊட்டும்போது அந்தப் பெயர், மருந்து கொடுக்கும்போது அந்தப் பெயர், தூங்கவைக்கும்போது தட்டித் தட்டி அந்தப் பெயர். ஒரே அறை, சுவரில் உன் அப்பா படம், நான் எங்கே போய்க் காதை வைத்துக்கொள்வது. நிறுத்துடி என்றேன். அத்தை, ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே, சைனப் சொல்லுதா, நெசமா என்று கேட்டாள். தெரியும் என்றேன், பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். மரியாதை தெரியாதவளுக்கு என் வீட்டில் இடமில்லை, போ என்று நானும் சொன்னேன். அது கோபத்தில் சொன்னது, போகிறவள் பிள்ளையை விட்டுவிட்டல்லவா போகவேண்டும்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அவன் இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஸ்கூல் பிள்ளைகள் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை வெட்கத்தை விட்டு வடாலாவுக்குப் போனேன், அவனுக்குப் பிடித்த பூந்தி வாங்கிக்கொண்டு போனேன். அவள் அக்கா வீட்டு வாசல் அறையில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். ராசா என்றேன். திரும்பவில்லை. தம்பி, ஆச்சி வந்திருக்கேன் பாரு என்றேன். ஆச்சி, எம் பேரச் சொல்லு, ஒங்கூட வாரேன் என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது, மாரிசெல்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், வெளியே வரவில்லை. அந்தப் பெயர் நாக்கு வரை வரவில்லை என்று சொன்னால் அது பொய், வந்தது. உன் அப்பா உயிரோடு இருந்தபோது அவர் பெயர் எழுதி வந்த தபால் கார்டைக்கூட வாசித்துச் சொல்லாதவள் நான், இத்தனை காலம் காத்ததை ஒரு சிறுவன் கேட்டான் என்று அவள் காது கேட்கச் சொல்லவா. அவள் ஜெயித்ததாகிவிடாதா.

அதனால் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன், அதற்குத்தான் முக்கியமாக இந்தக் காகிதம். நீ தீபாவளிக்கு வரும்போது பிள்ளைக்குப் பெயரை மாற்றிவிடு. கெஜட்டில் போட்டு மாற்றித் தருகிற ஆள் சயானிலேயே இருக்கிறான், ஸ்கூலிலும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல பெயராக, வாய் நிறையக் கூப்பிடுகிற பெயராக வை, நான் காலையிலிருந்து ராத்திரி வரை கூப்பிடுவேன், அவளும் கூப்பிடட்டும், சண்டையே இல்லை. உன் அப்பா பெயர் உன் அப்பாவோடு இருக்கட்டும். அன்றைக்கு அவனிடமும் இதைச் சொல்லிவிட்டேன், ஒங்க அப்பா வரட்டும், ஒனக்கு இந்தப் பேர எடுத்துட்டு வேற பேரு வைக்கச் சொல்லுதேன், பெறவு ஆச்சி கூப்புட்டா வருவேல்லா என்று. அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தான். அழுவான் என்று நினைத்துப் பூந்திப் பொட்டலத்தைப் பிரித்தேன். அழவில்லை. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வாசல் வரை வந்தான், என்னிடம்தான் வருகிறான் என்று கையை நீட்டினேன், கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

பெயரை யோசித்து வை. வரும்போது அவனுக்கு நல்ல பூட்ஸ் ஒன்று வாங்கி வா, இடது காலுக்கு உள்ளே பஞ்சு வைக்கிற மாதிரி. மாத்திரையை நேரத்துக்குப் போடு, வெயிலில் அலையாதே, சொரிமுத்து விஷயத்தைப் பேராச்சி வீட்டுக்காரனிடம் வாய் தவறியும் சொல்லாதே. நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற,

உன் அம்மா,
முப்பிடாதியம்மாள்.